சிலிண்டர் கழுத்தில் ஒரு தேதி



அடுப்படிக்குப் போய் கேஸ் சிலிண்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். மேலே கைப்பிடி வளையத்தைத் தாங்கிக்கொண்டு மூன்று பட்டைகள் இருக்கும். அதில் ஒன்றின் உள்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் பெயிண்டில் எழுதியிருக்கும். 'சி-28' என்பது போல. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் வருடக் கடைசி. சி-28 என்றால் 2028 செப்டம்பர் முடிவதற்குள்.

எதற்குள்? எங்கள் பசுவந்தனையில் யாரைக் கேட்டாலும் "கேஸ் எக்ஸ்பயரி ஆகிற தேதி" என்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். கேஸ் என்ன பாலா, திரிந்து போக? அந்தத் தேதி உள்ளே இருக்கிற வாயுவுக்கு இல்லை, வெளியே இருக்கிற இரும்புக்கு. அதற்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதித்தாக வேண்டும். புது சிலிண்டர் என்றால் முதல் சோதனை 10 வருடத்தில், அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒரு தடவை.

இந்தத் தேதியை எழுதச் சொன்னது யார், எப்போது என்று தேடப் போய், கதை கல்கத்தா, நாக்பூர், அமெரிக்கா என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் எங்கள் ஊர் பஞ்சர் கடையில் வந்து நின்றது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் நாக்பூர். கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஊர்ப் பெயர் நல்ல பழக்கம். பட்டாசு ஆலைகளைப் பற்றிப் பேசும்போது "அது நாக்பூர் லைசென்ஸ், இது டி.ஆர்.ஓ. லைசென்ஸ்" என்று டீக்கடையிலேயே பிரித்துச் சொல்வார்கள். அங்கே இருப்பது மத்திய அரசின் வெடிபொருள் துறைத் தலைமை அலுவலகம். 1898-ல் தொடங்கிய துறை. இப்போது 'பெசோ' என்ற சுருக்கப் பெயரில் இருக்கிறது. சிவகாசியிலேயே அதற்கு ஓர் அலுவலகம் உண்டு. பட்டாசுக்கும் வெடிமருந்துக்கும் லைசென்ஸ் கொடுக்கிற அதே துறைதான் ஆக்சிஜன் சிலிண்டருக்கும், சோடாவுக்குக் கேஸ் ஏற்றுகிற சிலிண்டருக்கும், வீட்டு கேஸுக்கும் விதி போடுகிறது.

ஏன் இப்படி? காரணம் 1938-ல் இருக்கிறது. அந்த வருடம் செப்டம்பரில் பிரிட்டிஷ் இந்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. உலோகப் பாத்திரத்துக்குள் அழுத்தி அடைத்த வாயு எதுவானாலும், 1884-ஆம் வருட வெடிபொருள் சட்டத்தின்படி அதையும் வெடிபொருளாகவே கருத வேண்டும் என்று. தீப்பிடிக்கிற வாயு, பிடிக்காத வாயு என்ற பேதம் இல்லை. நாம் மூச்சு விடுகிற இதே காற்றை ஓர் இரும்புக் குடுவையில் திணித்தால் சட்டத்தின் கண்ணில் அது சரவெடிக்குச் சொந்தக்காரன். முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு வரவில்லை. அந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த அறிவிக்கையைத் தொட்டு 1940-ல் எரிவாயு உருளை விதிகள் வந்தன. பிறகு 1981-லும், 2004-லும், 2016-லும் திருத்தி எழுதினார்கள்.

ஆனால் அழுத்தத்தை அடக்கி வைத்த பாத்திரத்தை சர்க்கார் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. அது நீராவியோடு வந்தது. 1863-ல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பல பேர் செத்தார்கள். அடுத்த வருடமே, 1864-ல், வங்காளத்தில் கொதிகலன்களைப் பரிசோதிக்கச் சட்டம் வந்தது. நம் சென்னை மாகாணத்தில் 1893-ல் ஒரு கொதிகலன் சட்டம். மாகாணத்துக்கு ஒரு சட்டம் இருந்தால் ஒரு ஊரில் தேறின கொதிகலன் இன்னொரு ஊரில் தேறாது அல்லவா, அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1923-ல் நாடு முழுவதற்கும் ஒரே கொதிகலன் சட்டம் போட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஓடியது அது. 2025-ல்தான் புதுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1905 மார்ச்சில் பிராக்டன் என்ற ஊரில் ஒரு ஷூ ஃபேக்டரியின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே எந்தத் தகடு, எத்தனை தடிமன், எப்படிச் சோதிப்பது என்று ஒழுங்கான விதித் தொகுப்பே எழுதினார்கள். இந்தத் துறையில் எந்த விதியைத் தோண்டினாலும் அடியில் ஒரு பிணம் கிடைக்கிறது என்று தோன்றுகிறது. கொஞ்சம் குரூரமாக இருக்கிறதோ? ஆனாலும் உண்மை.

சரி, எப்படிச் சோதிக்கிறார்கள்? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

சிலிண்டர் தாங்குமா என்று பார்க்க, அதற்குள் வழக்கத்தைவிட அதிகமாக அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக ஒன்றரை மடங்கு அளவில். ஆனால் அதைக் காற்றால் செய்தால், தாங்காத சிலிண்டர் சோதிக்கிறவனையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அதனால் தண்ணீரை நிரப்பிச் செய்கிறார்கள். தண்ணீரும் அழுத்தம்தானே, அது வெடிக்காதா என்று கேட்கலாம். இங்கேதான் அந்தக் கணக்கு.

கடலுக்குள் மூழ்குகிறவர்கள் முதுகில் கட்டுகிற 12 லிட்டர் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அதில் காற்றை 200 பார் வரை அடைக்கிறார்கள். (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றி இருக்கிற காற்றின் அழுத்தம்.) அது திடீரென்று உடைந்தால் வெளிவருகிற சக்தி சுமார் 470 கிலோஜூல். அதாவது ஒரு டன் எடையை 47 மீட்டர் உயரத்துக்குத் தூக்கக் கூடிய சக்தி. பதினைந்து மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதே சிலிண்டரில் தண்ணீரை நிரப்பி, 200 இல்லை, 300 பார் அழுத்தம் கொடுங்கள். தண்ணீர் அழுத்தினாலும் அவ்வளவாகச் சுருங்காது. சுருங்காததால் விரியவும் வழியில்லை. தண்ணீருக்குள் சேர்ந்திருக்கிற சக்தி சுமார் இரண்டரை கிலோஜூல்தான். அதே ஒரு டன்னைத் தூக்கினால் 25 சென்டிமீட்டர். ஒரு சாண்! அழுத்தம் கூடுதல், ஆனால் ஆபத்து கிட்டத்தட்ட இருநூறில் ஒரு பங்கு. இந்தச் சூட்சுமத்தை முதலில் கண்டுபிடித்த ஆள் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு :)

வெறுமனே உடைகிறதா, உடையவில்லையா என்று பார்ப்பதோடு விடுவதில்லை. தண்ணீர் நிரப்பிய சிலிண்டரை, தண்ணீர் நிரப்பிய இன்னொரு பெரிய மூடிய பாத்திரத்துக்குள் இறக்குகிறார்கள். வெளிப் பாத்திரத்திலிருந்து மெல்லிய அளவுக் குழாய் ஒன்று மேலே போகும். உள்ளே அழுத்தம் ஏற ஏற சிலிண்டர் கொஞ்சம் உப்பும். உப்பின அளவுக்கு வெளித் தண்ணீர் குழாயில் ஏறும். அழுத்தத்தை எடுத்தால் சிலிண்டர் பழைய அளவுக்குச் சுருங்க வேண்டும். நல்ல இரும்பு ரப்பர் மாதிரி திரும்பி வந்துவிடும். களைத்துப்போன இரும்பு முழுசாகத் திரும்பாது. உப்பின அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அப்படியே நின்றுவிட்டால் சிலிண்டர் தேறவில்லை என்று அர்த்தம். தேறாததை என்ன செய்ய வேண்டும் என்றும் விதி சொல்கிறது. நசுக்கிவிட வேண்டும். அல்லது துண்டுகளை மறுபடி வெல்டிங் வைத்துச் சேர்த்து ஒரு சிலிண்டர் ஆக்க முடியாதபடி வெட்டிப் போட வேண்டும். விதி எழுதியவர் நம் ஊர் வெல்டிங் பட்டறைகளை நன்றாகத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

தேறின சிலிண்டரில் சோதித்த மாதமும் வருடமும் பொறிப்பார்கள். காற்று, ஆக்சிஜன், நைட்ரஜன் சிலிண்டர்களுக்கு 5 வருடத்துக்கு ஒரு தடவை. வண்டிகளில் இருக்கிற சி.என்.ஜி. சிலிண்டருக்கு 3 வருடத்துக்கு ஒரு தடவை. ஆட்டோ குலுங்குகிற குலுக்கலுக்கு அது நியாயம்தான்.

தண்ணீர் சோதனை மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவில் 6351 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவையில் ஏராளமான சிலிண்டர்கள் செய்தார்கள். கடலில் மூழ்குகிறவர்களிடம் நிறைய இருந்தன. அதன் கழுத்துப் பகுதியில், மரை இருக்கிற இடத்தில், வருடக்கணக்கில் அழுத்தம் நின்றுகொண்டே இருந்தால் நூல் மாதிரி விரிசல் விடுகிறது என்று பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் சோதனையில் தேறின சிலிண்டரிலும் அந்த விரிசல் ஒளிந்திருக்கலாம். சில சிலிண்டர்கள் காற்று நிரப்பும்போது வெடித்தன. 1980-களின் கடைசியில் அந்தக் கலவையைக் கைவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே விற்றவை கைமாறிக்கொண்டே இருந்தன. 2006-ல் அமெரிக்க அரசு, இந்தக் கலவைச் சிலிண்டர் என்றால் கழுத்தை மின்னோட்டக் கருவியால் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. பல்லைத் திறந்து காட்டச் சொல்கிற மாடு தரகர் மாதிரி, கழுத்துக்குள் விளக்கை விட்டுப் பார்க்கிற ஆளும் வேண்டும் என்று ஆனது.

பெயிண்ட்பால் விளையாட்டுக்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. கோவில்பட்டியில் யாரும் ஆடிப் பார்த்ததில்லை, சென்னை, பெங்களூரு போன நண்பர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். 1981-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் முதன்முதலாக ஆடியது. மரத்திலும் மாட்டிலும் அடையாளம் போடச் செய்த சாயத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சுட்டு ஆடினார்கள். அப்போது 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி. இப்போது துப்பாக்கியோடு சேர்த்து ஒரு காற்றுக் குடுவை. அலுமினியம் என்றால் 3000 பி.எஸ்.ஐ., கார்பன் இழை சுற்றியது என்றால் 4500 பி.எஸ்.ஐ. நம் கார் டயரில் சுமார் 30. டயரைப் போல நூறு மடங்கு, நூற்றைம்பது மடங்கு அழுத்தத்தைப் பையன்கள் தோளோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

அங்கே பழைய குடுவைகள் வாங்குவதும் விற்பதும் சகஜம். வாங்கும்போது கழுத்தில் பொறித்த தேதியைப் பார்க்க வேண்டும், 5 வருடம் தாண்டியிருந்தால் சோதிக்காமல் காற்று அடைக்கக் கூடாது, இழை சுற்றியதென்றால் பெரும்பாலும் 15 வருடம்தான் ஆயுள். அழகுக்காகச் சூளையில் சுட்டுப் பெயிண்ட் பூசின அலுமினியக் குடுவையைத் தொடவே கூடாது. அந்தச் சூடு அலுமினியத்தின் வலுவையே எடுத்துவிடும். புதிதாகப் பளபளக்கிற பழைய குடுவைதான் சந்தேகப்பட வேண்டிய குடுவை என்பது எனக்குப் புதுத் தகவல். இன்னொன்று, 2004-ல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓர் எச்சரிக்கை விட்டது. குடுவையைத் துப்பாக்கியிலிருந்து கழற்றுவதாக நினைத்துத் திருப்ப, வால்வோடு சேர்ந்து வராமல் வால்விலிருந்து குடுவை மட்டும் கழன்று ராக்கெட் மாதிரி பறந்ததில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். ஒருவர் 15 வயதுப் பையன். குடுவை உடையவே இல்லை, மரை மட்டும் கழன்றது.

நம் ஊரில் இதன் இடத்தில் இருப்பவர் பலூன்காரர். கைலாசநாதர் கோவில் திருவிழாவில் அவரைச் சுற்றித்தான் குழந்தைகள் கூட்டம். சில பலூன்காரர்கள் காலிச் சிலிண்டரிலேயே காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் போட்டு ஹைட்ரஜனைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வது இந்தியா முழுவதும் இருக்கிற பழக்கம். அந்தச் சிலிண்டர் எதற்காகச் செய்தது, எத்தனையாவது கை, எவ்வளவு அரித்திருக்கிறது, உள்ளே இப்போது அழுத்தம் எவ்வளவு, எதுவும் யாருக்கும் தெரியாது. அளவு பார்க்க முள் கூட இருக்காது. ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், ஹீலியம் பிடிக்காது, அதனால் ஹீலியம் பயமில்லை என்று நினைக்கிறோம். 2022 அக்டோபர் தொடக்கத்தில், தீபாவளி ஜவுளி வாங்கக் கூட்டம் அலைமோதுகிற நேரம், திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் பலூனுக்குக் காற்று அடிக்கிற ஹீலியம் சிலிண்டர் வெடித்தது. ஒருவர் இறந்தார், இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். தீ தேவையே இல்லை, அழுத்தம் போதும். 1938-ல் அந்த அறிவிக்கை எழுதியவர்களைப் பார்த்துச் சிரித்தேனே, அதை இந்த இடத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பழைய சிலிண்டரைப் பற்றி நாடே கவலைப்பட்ட ஒரு காலமும் உண்டு. 2021, கொரோனா இரண்டாம் அலை. ஆக்சிஜனும் இல்லை, அடைக்கச் சிலிண்டரும் இல்லை. நைட்ரஜன், ஆர்கான் அடைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலைச் சிலிண்டர்களை ஆக்சிஜனுக்கு மாற்றிக்கொள்ள வெடிபொருள் துறை அந்த ஏப்ரலில் அனுமதித்தது. மாற்றுவது என்றால் பெயிண்டை மாற்றுவது இல்லை. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் பற்றிக்கொள்ளும், அதனால் காலி செய்து, சோதித்து, சுத்தம் செய்து, வால்வை மாற்றி, பிறகு கறுப்பு உடலும் வெள்ளைத் தோளுமாக நிறம் பூச வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அப்போது நடந்ததும் ஞாபகம் இருக்கும். 2018 மே மாதம் 13 பேரைப் பலி வாங்கிய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மூடிக் கிடந்த ஸ்டெர்லைட் ஆலையில், ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. மே மாதம் அங்கிருந்து லாரிகள் கிளம்பின. அந்த வாதம் இந்தக் கட்டுரைக்கு ரொம்பப் பெரியது. அந்த வாரங்களில்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதன்முதலாக ஒரு சிலிண்டரின் நிறத்தைப் பார்த்து இது என்ன வாயு என்று சொல்லப் பழகினார்கள், அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

விதி இருக்கிறது, துறை இருக்கிறது, தேதி பொறிக்கிறார்கள். பிறகு என்ன ஓட்டை? எனக்குப் பட்டது இதுதான். 'சிலிண்டர்' என்று விதி எதைச் சொல்கிறது என்று பார்த்தால், வாயுவை அடைத்து வைக்கவும் எடுத்துச் செல்லவும் செய்த, அரை லிட்டருக்கு மேல் 1000 லிட்டர் வரை கொள்ளளவு உள்ள பாத்திரம். இடம்விட்டு இடம் போகிற பாத்திரம். ஓரிடத்தில் நிற்கிற கம்ப்ரசர் தொட்டி? அதைத் தொழிற்சாலைச் சட்டம் பார்த்துக்கொண்டது. 1948-ஆம் வருடச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு முழுக்க அழுத்தக் கலன்களுக்கானது. ஆனால் மின்சாரம் பயன்படுத்துகிற இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20. எங்கள் ஊர் பஞ்சர் கடையில் வேலை செய்வது இரண்டு பேர். அதில் ஒருவர் முதலாளி.

கரிசல் காட்டில் கம்ப்ரசர் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. கிணறு வெட்டும்போது மேல் மண் தாண்டிப் பாறை வந்துவிட்டால் டிராக்டரில் கம்ப்ரசர் வண்டியைக் கூப்பிடுவார்கள், குழி போட்டு வெடி வைக்க. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் படகிலேயே கம்ப்ரசர் வைத்துக்கொண்டு, குழாய் வழியாக வருகிற காற்றை நம்பி அடியில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். உப்புக் காற்றில் அந்தத் தொட்டி எத்தனை வருடம் தாங்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. கம்ப்ரசர் தொட்டிக்கு அழுத்தம் கம்மிதான், 150 பி.எஸ்.ஐ. மாதிரி. ஆனால் தொட்டி பெரிசு. காற்றோடு சேர்ந்து ஈரமும் உள்ளே போய் அடியில் தண்ணீராகத் தங்கும். வெளியே பெயிண்ட் மின்னிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அடித்தகடு மெலிந்துகொண்டு வரும். அதற்காகத்தான் தொட்டிக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள், தினமும் திறந்து தண்ணீரை வடிக்க.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற சாக்கில் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இந்தத் தொட்டி எந்த வருசம் வாங்குனது?"

"வாங்கும்போதே பழசுதாம்ப்பா. கோவில்பட்டியில ஒரு பட்டறையில கெடந்துச்சு. பெயிண்ட் அடிச்சே நாலு வருசம் ஆச்சு."

"அடியில இருக்க குழாயத் தெறப்பீங்களா?"

"ஞாபகம் வந்தாத் தெறப்பேன்."

திறந்து காட்டினார். முதலில் சீறிக்கொண்டு காற்று, பிறகு டீ நிறத்தில் தண்ணீர், ஒரு சொம்பு இருக்கும். அவருக்கே கொஞ்சம் சங்கடமாகப் போய்விட்டது. தொட்டியின் பக்கவாட்டில் தகடு ஒன்று பற்ற வைத்திருந்தது, அதன் மேலும் நீலப் பெயிண்ட். பிளேடு எடுத்து இரண்டு பேரும் மெதுவாகச் சுரண்டினோம். தாங்கும் அழுத்தம் எவ்வளவு என்ற எண் தெரிந்தது. அதற்குக் கீழே வருடம் என்று எழுதியிருந்த கட்டத்தில் துரு தின்றது போக ஒரு 1-ம் ஒரு 9-ம் மட்டும் இருந்தது. மீதி இரண்டு எண்ணையும் சுரண்டிப் பார்ப்பதற்குள் விளாத்திகுளம் பக்கமிருந்து கரி மூட்டை ஏற்றின லாரி ஒன்று பின் டயர் இறங்கி வந்து நின்றது. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டார். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.